இரண்டு பெயருக்கும் என் குரல்

பிரதோஷத்துக்குப் பிரதோஷம் திருவரங்குளம் சிவன் கோயிலுக்குப் போகிறேன். பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் வேண்டிக்கொண்ட பிறகு கடைசியாக என் சின்னம்மா மகளுக்காகக் கும்பிடுவேன். அவளுக்கு என்ன கொடு என்று கேட்பது என்றுதான் இத்தனை வருஷமாகியும் எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் இருவரும் அடுத்தடுத்த வீடு, ஒரே வகுப்பு. அவளுக்குப் பேச்சு திக்கும். மார்கழி பஜனையில் பாடும்போது மட்டும் ஒரு எழுத்துகூடத் திக்காது. அவள்தான் எங்கள் எல்லாருக்கும் முன்னால் பாடுவாள். பேச வந்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடும். கட்டைவிரலால் தொடையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு சொல்லாக வெளியே கொண்டுவருவாள். எங்கள் இங்கிலீஷ் டீச்சர் அவளை வாசிக்கச் சொன்னால், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு அவள் முடிக்கும்வரை நிற்பார். மெதுவாக என்றாலும் பாடம் முடிந்துவிடும். வகுப்பிலும் யாரும் சிரித்ததில்லை. நர்சுக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. சித்தப்பா கொத்தனார். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினால் படிக்க வைக்கிறேன், இல்லையென்றால் மாப்பிள்ளை பார்க்க வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார்.

ஒன்பதாவது படிக்கும்போது டீச்சர் புதிதாக ஒன்று கொண்டுவந்தார். இங்கிலீஷ் பாடத்தை நெட்டில் ஒரு வெள்ளைக்காரம்மா வாசிக்கும். டீச்சர் தன் போனை ஸ்பீக்கரில் மாட்டிப் போடுவார், நாங்கள் கூடவே சொல்வோம். பிறகு வீட்டில் போய் அதே ஆப்பில் நாங்கள் வாசிக்க வேண்டும். அது கேட்டுவிட்டு அஞ்சுக்கு இத்தனை ஸ்டார் என்று கொடுக்கும். யார் எத்தனை வாங்கினார்கள் என்று டீச்சர் போனில் வரிசையாகத் தெரியும். வாசித்ததும் அதிலேயே பதிவாகி இருக்கும், ஆனால் டீச்சர் ஸ்டாரை மட்டும்தான் பார்ப்பார். நல்லதுக்குத்தான் செய்தார். அதற்கப்புறம் வகுப்பில் தனித்தனியாக எழுப்பி வாசிக்கச் சொல்லும் வேலை டீச்சருக்கு இல்லாமல் போனது.

சின்னம்மாவிடம் இருந்தது பட்டன் போன். அதனால் என் அப்பாவின் போனிலேயே இரண்டு பேர் பெயரையும் போட்டுக்கொண்டோம். எனக்கு முதல் நாளே அஞ்சு ஸ்டார். அவள் முதல் சொல்லுக்குத் தொடையைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே போன் மைக்கை மூடிவிட்டது. திரும்பத் திரும்ப அப்படித்தான். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க அந்தப் போனுக்குத் தெரியவில்லை.

வரிசையில் அவள் கடைசிக்குப் போனாள். பையன்களுக்குக் கேலி செய்ய அதுவே போதும்.

"பாவம்டா, டவர் கெடைக்கல."

"இருடா, சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. நாளைக்குள்ள வந்துரும்."

எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் சொன்னேன்: "பேசாம இருடி. ஒனக்கும் சேத்து நானே வாசிச்சுடுறேன். போனுக்கு ஒம் மூஞ்சியா தெரியப்போகுது?"

"வே... வேணாம்டி."

"நர்சு ஆகணுமா, வேணாமா?"

அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். முடிக்கும்வரை நான் இருக்கவில்லை.

அன்றிலிருந்து இரண்டு பெயருக்கும் அஞ்சு ஸ்டார். அவள் பெயருக்கு வாசிக்கும்போது கூடுதல் கவனமாக வாசித்ததில், சில நாள் அவளே எனக்கு மேலே இருந்தாள். பெரிய புண்ணியம் செய்வதாக எனக்கு நினைப்பு. பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடும்போது அதையும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பேன். அவள் மட்டும் விடிந்ததும் வந்து, அப்பா வயலுக்குக் கிளம்புவதற்குள் போனை வாங்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டு வருவாள். ஏதோ படம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு ஆபீசர் பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். அவர் முன்னால் வாசிக்க டீச்சர் அவள் பெயரைச் சொன்னார். போனில் பழகிப் பழகி அவளுக்குத் திக்கல் சரியாகிவிட்டது என்று நம்பினார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

திரும்பி வரும் வழியில், "காய்ச்சல்னு சொல்லி லீவு போட்டுடுடி" என்றேன்.

"நா... நானே வா... வாசிக்கிறேன்" என்றாள்.

ஆபீசர் வந்தார். அவள் எழுந்து நின்றாள். விரல் தொடையைத் தட்டியது. ஒரு சொல் வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதற்கு அவள் மூச்சிழுத்தபோது ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் பதறிப்போய், "பயப்படுறா சார். போன்ல எப்படி வாசிச்சிருக்கான்னு கேளுங்க" என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

வகுப்பறை முழுக்க என் குரல் கேட்டது.

"டேய், இது அவ வாய்ஸ் இல்லடா" என்று பின் பெஞ்சில் ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பெஞ்சைப் பார்த்தேன். அவள் உட்காரவில்லை. "நா... நான்தான் டீச்சர்... அ... அவளை வா... வாசிக்கச் சொன்னேன்" என்று அந்தப் பொய்யை ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொல்லி முடித்தாள். முடிப்பதற்குள் ஆபீசர் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டிருந்தார்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. டீச்சர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். பத்தாவது எழுதவேயில்லை. கீரமங்கலத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பூக்கட்டுகிறாள். நல்லது கெட்டதில் பார்த்தால் சிரிப்பாள். போன் போட்டால் பிள்ளையிடம் கொடுத்துவிடுவாள். பஜனையும் அத்தோடு சரி.

அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று ஒரு வாரம் கழித்து, ஆப்பில் அவள் பெயரை எடுத்துவிடலாம் என்று திறந்தேன். நான் வாசித்ததெல்லாம் அஞ்சு ஸ்டாரோடு மேலே இருந்தது. அதற்குக் கீழே ஸ்டாரே இல்லாமல் சின்னச் சின்னதாக நிறையக் கிடந்தது. மூன்று விநாடி, நாலு விநாடி, மறுபடி மூன்று. எல்லாம் விடியற்காலை நேரம். கடைசியாக இருந்தது ஆபீசர் வந்த அன்று காலையில் வாசித்தது. அது மட்டும் நீளம், பாடம் முழுக்க முடிகிற அளவு. அத்தனை நேரம் போன் எப்படி மூடாமல் இருந்தது, பாட்டாகப் பாடித்தான் முடித்தாளோ என்று இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு அதைப் போட்டுக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. நெட்டை இப்படித் தீர்த்துவைத்திருக்கிறாளே என்று எரிச்சல்தான் வந்தது.

எல்லாவற்றையும் அழிக்கவா என்று போன் கேட்டது. அந்த ஒரு தடவை, பதில் வரும்வரை அது காத்திருந்தது. ஆமாம் என்று அழுத்திவிட்டு, அப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.