கன்னி மூலைச் சுவர்

கான்கிரீட் சுவரை வெட்டுவது என் பிழைப்பு. சுவரில் இரும்புத் தண்டவாளத்தைப் பொருத்தி அதன்மேல் வைரப் பல் வைத்த சங்கிலி ரம்பத்தை ஓட்டினால், எட்டு அங்குலச் சுவரும் உள்ளே இருக்கும் கம்பியோடு சேர்ந்து நூல் பிடித்தாற்போல அறுபடும். சேலம், நாமக்கல் பக்கம் எத்தனையோ வீடுகளில் வெட்டியிருக்கிறேன். பாதிக்கு மேல் வாஸ்துவுக்காகத்தான். வாசலை ஒன்றரை அடி கிழக்கே தள்ளு, இந்த ஜன்னலை அடை, அந்த ஜன்னலைத் திற. எவனாவது சொல்வான், நான் சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுப்பேன். திருச்செங்கோட்டுப் பக்கம் அந்த ஒரு வீட்டுக்குப் போய்வந்த பிறகு சிரிப்பு வருவதில்லை. இதை எழுதும்போதும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

ரிக் வண்டி முதலாளி வீடு அது. பெரியவர் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டுச் சம்பாதித்தவர். செங்கல்மேல் நம்பிக்கை இல்லாமல் வீடு முழுக்கக் கான்கிரீட் சுவராகவே எழுப்பியிருந்தார். அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. புத்தியும் பேச்சும் தெளிவாகவே இருந்தன.

வீட்டுத் தலைவர் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கு அறையில் படுக்க வேண்டும் என்பது வாஸ்து. அதனால் அவருக்கு அந்த அறை. கன்னி மூலையில் கக்கூஸ் கூடாது என்பதும் வாஸ்து. அதனால் அந்த வீட்டிலேயே அந்த அறைக்கு மட்டும் கக்கூஸ் இல்லை. மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம், பின்தாழ்வாரத்தில் ஒன்று இருந்தது. ஆனால் அங்கே போக ஹால், சமையல்கட்டு, பின்கதவு, நாலு படி இறங்கி மறுபடி நாலு படி ஏறி என்று வீட்டையே சுற்ற வேண்டும். இரண்டு ஆள் தூக்க வேண்டும். ஆள் இல்லாதபோது டயப்பர். அதைக் கட்டிவிடுவதும் கழற்றுவதும் மருமகள்தான்.

என்னைக் கூப்பிட்டதும் அந்த மருமகள்தான். "மாமாவுக்கு ஒரு கை நல்லாத்தானுங்க இருக்குது. இந்தச் செவுத்துல மூணடிக்கு ஒரு வழி இருந்தா, வண்டிய உருட்டிக்கிட்டு அவரே போயிக்குவாருங்க" என்றார். சக்கர நாற்காலி கூட வாங்கி, பாலிதீன் உறை பிரிக்காமல் வைத்திருந்தார். இன்ஜினியரும் பார்த்து, வெட்டலாம் என்று சொல்லியிருந்தார்.

சிவப்புக் கோடு போட்டு, நாலு ஓட்டை துளைத்து, போல்ட் முறுக்கித் தண்டவாளத்தை மாட்டினோம், நானும் என் மச்சினனும். பெரியவர் கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இந்தப் பல்லு எத்தன நாளைக்குத் தாங்கும்?"

"கம்பி நெறய வந்தா சீக்கிரம் தேஞ்சுருமுங்க."

"எங்க ரிக்குல தொளைக்கிற பிட்டும் அப்படித்தான். பாறையப் பொறுத்தது." பிறகு குரலைத் தாழ்த்தி, "சாமி, இன்னிக்குச் சாயங்காலம் நானே போயிரலாமா?" என்று கேட்டார்.

"சாயங்காலம் எதுக்குங்க? மூணு மணிக்கே போலாமுங்க" என்றேன். என் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

ரம்பம் சூடாகாமல் ஊற்றும் தண்ணீர்க் குழாயை இணைக்கும்போது மகன் வந்தார். கூடவே வாஸ்துக்காரர். அவர் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "கன்னி மூலையில வாசலா? ஊட்டுத் தலைவரு உசுருக்கே ஆகாதுங்க."

மருமகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "அப்பனுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?" என்று மகன் எகிறினார். எனக்குப் பொறுக்கவில்லை. "அவருக்குத்தானுங்க வழி. அவரையே ஒரு வார்த்தை கேளுங்க" என்றேன்.

"நீங்க வெட்ட வந்தீங்களா, நாயம் பேச வந்தீங்களா?"

பெரியவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் போல்ட்டைக் கழற்றினேன். அன்றைக்கு நான் சுவிட்சைப் போட்டிருக்க வேண்டும். இன்னொருவர் வீட்டுச் சுவர், நமக்கென்ன என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்த என்மேலும் எனக்குக் கோபம்தான்.

எட்டு மாதம் போயிற்று. ஓமலூரில் வேலையாக இருந்தேன். ஒருநாள் காலையில் மகனிடமிருந்து போன். பெரியவர் விடியற்காலையில் தவறிவிட்டார். நட்சத்திரம் அவிட்டம். அவிட்டத்தில் உயிர் போனால் அடைப்பு; உடலை வாசல் வழியாக எடுக்கக் கூடாது, சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பார்கள். "கடப்பாறை எறங்க மாட்டேங்குதுங்க. கொஞ்சம் வெரசா வாங்க" என்றார்.

"எந்தச் செவுருங்க?"

"அதேதானுங்க."

வர முடியாது என்று சொல்லி போனை வைத்துவிட்டு, வாயில் வந்தபடியெல்லாம் கத்தினேன். "செத்தவரு மேல என்ன மச்சான் கோவம்?" என்றான் மச்சினன். ரம்பத்தை எடுத்து வண்டியில் ஏற்றினேன். போனோம்.

ஐஸ் பெட்டியை ஹாலுக்கு நகர்த்தியிருந்தார்கள். அதே வாஸ்துக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். "இப்ப மட்டும் ஆகுமுங்களா?" என்று கேட்டேன். "எடுத்த ஒடனே அடைச்சிருவோமுங்க. கொத்தனாருக்குச் சொல்லியாச்சு" என்றார், கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லாமல். அந்தக் காப்பியைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

என் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. நாலு ஓட்டையும் இருந்தன. அதே ஓட்டைகளில் போல்ட்டை முறுக்கினேன். அடிப்பக்கம் முதலில் வெட்டி ஆப்பு இறக்கி, பக்கங்களை வெட்டி, மேலே கடைசியாக வெட்டி, செயின் பிளாக் போட்டுத் துண்டு துண்டாக இறக்கினோம். பின்தாழ்வாரத்து வெளிச்சம் கட்டில்வரை வந்து விழுந்தது. மணி மூன்று.

அந்த வழியாகப் பெரியவரை எடுத்துப் போனார்கள். ஆண்களெல்லாம் சுடுகாட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் திரும்புவதற்குள் வீட்டைக் கழுவிவிட வேண்டும். தரை முழுக்க, கட்டிலடியிலிருந்து பின்தாழ்வாரம்வரை, வெட்டும்போது வழிந்த சாம்பல் நிறச் சேறு. அதைக் கழுவுவதும் எங்கள் வேலைதான். குழாயை எடுத்தேன்.

"அண்ணா, தண்ணி ஊத்தாதீங்க" என்றார் மருமகள்.

உள்ளே போய் அந்தச் சக்கர நாற்காலியை இழுத்து வந்தார். பாலிதீன் உறையைப் பிய்த்து எறிந்தார். கட்டிலடியிலிருந்து வெறும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, வெட்டிய வழியாக வெளியே போய், கக்கூஸ் கதவில் முட்டி நிறுத்தினார். சேற்றில் இரண்டு சக்கரத் தடம் நேராக விழுந்திருந்தது. பத்தடிகூட இருக்காது.

"எழவு ஊட்டக் கழுவாம வெப்பாங்களா?" என்று உறவுக்கார அம்மாள் ஒருவர் முனகினார். "அவரு வந்து பாக்கட்டுமுங்க" என்றார் மருமகள். கொத்தனாரும் கல்லைத் தொடாமல் நின்றார்.

மகன் ஈர வேட்டியோடு வந்தார். தடத்தைப் பார்த்தார். அது போய் முடிந்த இடத்தில் நின்ற நாற்காலியைப் பார்த்தார்.

"யாரு ஓட்டுனது?"

"மாமா போயிருந்தா இப்படித்தானுங்க போயிருப்பாரு" என்றார் அவர் மனைவி.

நான் குழாயைச் சுருட்டி வண்டியில் போட்டேன். மகனின் முகத்தை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடித்திருப்பேன்.