கடல் மட்டம்

சாயங்காலம் ஆறேகால் ஆனதும் வேதமாணிக்கம் சட்டைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துக் கேமராவின் தலையில் வைக்கிறார். கொத்தனார்கள் சுவர்மேல் வைத்துப் பார்க்கிற அதே சாமான், கைக்கு அடக்கமான சின்ன அளவு. டோல்கேட்டில் அவருடைய ஹார்டுவேர் கடையில் தொங்குகிற சரக்கு. குழாய்க்குள் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை ஸ்டாண்டின் கால்களை ஏற்றுகிறார், இறக்குகிறார். திருவொற்றியூர்க் கடலுக்கு இந்த மெனக்கெடல் எதுவும் தெரியாது. அதுபாட்டுக்குக் கரையில் கொட்டிய கருங்கல்மேல் மோதிக்கொண்டிருக்கிறது. "கடலு ஒரு நூல் சரிஞ்சாலும் எனக்கு ராத்திரி சோறு இறங்காது, கேட்டியளா" என்பார், யாரும் கேட்காமலேயே.

குமிழி நின்றதும், திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது கையைத் தூக்கி விரல்களை மடக்குவார். பத்தடி தள்ளி மீன் வறுவல் வண்டி போட்டிருக்கும் கார்குழலிக்கான சைகை அது. எண்ணெய்ச் சட்டிக்குமேல் தொங்கும் பல்பின் வெளிச்சம் படத்தில் விழாதபடி அவள் அதை அணைக்க வேண்டும். இருபது நிமிஷத்துக்கு. சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற நேரம். டிரைவர்கள் இறங்கிவந்து சங்கராவா, கானாங்கத்தையா என்று கேட்கிற நேரம். அவள் இருட்டில் தடவித் தடவி மீனைப் புரட்டுவாள்.

"இன்னாத்துக்கு அண்ணாச்சி இம்மாம் பெரிய பொட்டி? கப்பலு எறும்பு மாரி வுழுது."

"வைடு லென்சும்மா. அகலந்தான் முக்கியம். கப்பலா முக்கியம்?"

அந்த லென்ஸின் சுபாவமே அப்படி. தூரத்துக் கப்பலைக் கடுகாக்கும். ஓரத்தில் அகப்பட்டவனைப் பிடித்து நீட்டிவிடும். வேண்டும் வேண்டாம் என்று கேட்காமல் எல்லாவற்றையும் உள்ளே வாங்கிக்கொள்ளும். வேண்டுவது எது என்று முடிவு செய்வது வேதமாணிக்கத்தின் வேலை. மனிதர்கள் வேண்டாம் என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். வலை உலர்த்துகிறவர், கல்லில் உட்கார்ந்து பேசுகிற ஜோடி, எல்லாரும் அவர் வாயில் "டிஸ்டர்பன்ஸ்".

அவர் பிறந்தது குளச்சல் பக்கம். அங்கே சூரியன் ஒழுங்காகக் கடலில் இறங்கும். சென்னைக்கு வந்து இருபத்தெட்டு வருஷமாகியும், இங்கே அது கன்டெய்னர் யார்டுக்குப் பின்னால் இறங்குவதை அவர் மன்னிக்கவில்லை. ஆகவே கிழக்கே பார்த்து எடுத்த படத்தில், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தொடுவானத்துக்கு ஆரஞ்சு பூசி, "அஸ்தமனம்" என்று பெயர் எழுதி வாட்ஸப்பில் விடுவார். கிழக்குக் கடலில் சூரியன் எப்படி அஸ்தமிக்கும் என்று அந்தக் குழுவில் ஒருவரும் கேட்டதில்லை. இருப்பவர்கள் பெயின்ட் டீலர்களும் சிமென்ட் ஏஜென்டுகளும். "சூப்பர் அண்ணாச்சி" என்பதைத் தாண்டிப் பேச அவர்கள் தொழிலில் இடமில்லை.

கார்குழலி பல்பை அணைத்தது வெறும் மரியாதைக்காக இல்லை. "படம் பேப்பர்ல வரும்" என்று அவர் ஒருநாள் சொல்லியிருந்தார். தன் கடையும் சேர்ந்து வரும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

போன மாதம் சாலையோர வியாபாரிகளைக் கணக்கெடுக்க ஆள் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பே அதே இடத்தில் கடை இருந்ததற்குத் தேதியோடு அத்தாட்சி காட்டினால் வியாபாரி அட்டை கிடைக்கும். இல்லாவிட்டால் வண்டியை எடுத்துவிடுவார்கள். பக்கத்து இளநீர்க் கடை துரை, பழைய சீட்டு ஏதாவது அகப்படுமா என்று வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கார்குழலி அசையவில்லை. "எனுக்கு இன்னா பேஜாரு நைனா? அண்ணாச்சி டெய்லி படம் புட்ச்சிகினு கீறாரு."

அண்ணாச்சியும் நெஞ்சைத் தட்டிக்கொண்டார். "நாலாயிரம் படம் இருக்கும்மா. எது வேணும்னு மட்டும் சொல்லு."

மறுநாள் லேப்டாப்பைக் கொண்டுவந்து அவள் வண்டிப் பலகையிலேயே விரித்தார். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். கருங்கல் இருந்தது. துறைமுகத்துக் கிரேன்கள் இருந்தன. கடல் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. வண்டி நிற்க வேண்டிய இடத்தில் வழவழவென்று வானம்.

"என் கடை எங்க?"

"அத எடுத்துட்டேன்லா."

"படத்த எட்த்தியா, கடைய எட்த்தியா?"

"ஓரத்துல இழுத்துக்கிட்டு அசிங்கமா நின்னுதும்மா. அழகுக்காக எடுத்தேன். எல்லாத்துலயும்." மாற்றாமல் வைத்த படம் ஒன்றாவது உண்டா என்று கேட்டாள். "குப்பைய சேத்து வைக்கப்பிடாதுல்லா" என்றார்.

அவள் சட்டியை இறக்கி வைத்தாள். "கடைய எடுக்கறதுக்கு லாரி கீது, ஆளு கீது. நீ வேற இன்னாத்துக்கு அண்ணாச்சி? அதுவும் நானே லைட்ட அணைச்சிக் குட்த்துகினு!"

வேதமாணிக்கம் ஒரு வழி சொன்னார். கம்ப்யூட்டரிலேயே கடையைத் திரும்ப ஒட்டிவிடலாம், சுவடு தெரியாது. பெரிய உபகாரம் செய்கிற முகத்தோடுதான் சொன்னார்.

"பொய்ப் படம் காட்டிட்டு நான் உள்ள போவணுமா? போ அண்ணாச்சி, வாய்ல வந்துரும்."

அத்தாட்சி கிடைத்தது அவருடைய நாலாயிரம் கலைப்படைப்புகளிலிருந்து அல்ல. அவர் மனைவி தங்கபுஷ்பத்தின் செல்போனிலிருந்து. லென்ஸ் வாங்கிய முதல் நாள், ரசமட்டம் வைக்கும் ஞானம் பிறப்பதற்கு முன், அவசரத்தில் அமுக்கிய படம். நாலு வருஷம் பழசு. கடல் சறுக்குமரம் போலச் சரிந்திருந்தது. ஒரு ஓரத்தில் மீன் வண்டி பஸ் நீளத்துக்கு, கார்குழலியின் கரண்டி துடுப்பு நீளத்துக்கு, எரிகிற பல்பும் பெயர்ப்பலகையும் பளிச்சென்று. கால்கள் படத்தின் கீழ் ஓரத்தில் மாட்டி நீண்டுவிட்டதால் தங்கபுஷ்பம் விளக்குக் கம்பம் உயரத்துக்கு நின்றார். அன்றே படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிவிட்டார், தேதியோடு. "இதுல மட்டுந்தான் நான் நெட்டையா இருக்கேன்" என்பது அவர் கூற்று.

"அத மட்டும் வெளிய காட்டிராத. கடல் எப்படிச் சாஞ்சு கெடக்குன்னு பாரு. என் மானம் போயிரும்" என்று கெஞ்சினாராம் வேதமாணிக்கம்.

"உங்க மானம் கெடக்கட்டும். அவ வண்டி போயிரும்லா" என்று சொல்லிவிட்டு, தங்கபுஷ்பம் தானே ஸ்டூடியோவுக்குப் போய்ப் பிரிண்ட் போட்டு வந்துவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கணக்கெடுப்பு ஆள் வந்தார். வண்டிப் பலகையில் விண்ணப்பத்தை விரித்து, படத்தைப் பார்த்தார், பெயர்ப்பலகையைப் பார்த்தார், தங்கபுஷ்பம் நீட்டிய போனில் தேதியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "நீட்டமா கீதே, இது இதே வண்டிதானா?"

"அதே வண்டி தான் சார். அண்ணாச்சி பொட்டி அப்டி."

"சரி, இது போதும்" என்று படத்தைத் தாளின் மூலையில் ஒழுங்காக வைத்து ஸ்டேப்ளரை எடுத்தார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் அதுவரை ஸ்டாண்டுப் பக்கமே நின்றிருந்த வேதமாணிக்கம்.

கார்குழலியின் கரண்டி சட்டிக்குமேல் அப்படியே நின்றது.

அவர் சட்டைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துப் படத்துக் கடலின் விளிம்போடு பொருத்திப் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விண்ணப்பத்தில் அச்சடித்த கோட்டுக்குக் கடல் நேராக வரும்வரை, படத்தை ஒற்றை விரலால் தள்ளித் தள்ளித் திருப்பினார். படம் தாளைவிட்டு ஒரு பக்கம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

"இப்ப அடிங்க" என்றார்.