மகளுக்காக ஜெபிக்க வேண்டாம் என்று சொன்ன மாலை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. பத்திரிகைக்கு எழுதும் அளவுக்கு எனக்கு என்ன தெரியும் என்று பல முறை யோசித்தேன். என்னைப் போல இன்னொரு தாய் எங்காவது இருந்தால் அவளுக்கு உதவுமே என்றுதான் எழுதுகிறேன். மகளிடமும் கேட்டேன். "எழுதிக்கம்மா. எனக்க பேரு மட்டும் போடாண்டாம்" என்றாள்.

போன ஆண்டு, ஓணப் பரீட்சை முடிந்த சமயம். கேரள எல்லைக்குள், பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் நடுவே ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கணவர் கொத்து வேலைக்குப் போகிறார். நான் வீட்டில் நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். ஒரே மகள், அப்போது தனுவச்சபுரத்தில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குச் சிறு வயதிலிருந்தே ஏ.டி.எச்.டி. உண்டு. ஒரு காரியத்தைத் தொடங்கினால் அதை முடிப்பதற்குள் மனம் வேறெங்கோ ஓடிவிடும். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பூனையோடு விளையாடப் போய்விடுவாள். ஒரு மழைக்காலத்தில் எத்தனை குடை தொலைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனாலும் நன்றாகச் சிரிப்பாள். ஓணத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. பள்ளிக்குப் போகமாட்டேன் என்றாள். பகலெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளுக்குப் பிடித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தால்கூடத் தட்டு அப்படியே இருக்கும்.

நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். இது சோம்பல் இல்லை, மனச்சோர்வு, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இந்த வயதில் வருவதுண்டு என்று சொல்லி மாத்திரை தந்தார்.

எனக்குத் தெரிந்த இன்னொரு மருந்து ஜெபம்தான். எங்கள் வீட்டில் அந்தி நேரத்தில் பாய் விரித்து மூன்று பேரும் ஜெபத்துக்கு உட்காருவோம். மற்ற நேரம் பேசாத நான், அப்போது மட்டும் மனம் விட்டுப் பேசுவேன். "ஆண்டவரே, என் பிள்ளையைச் சுகமாக்கும், என் கண்ணீரைப் பாரும்" என்று சத்தம் போட்டு அழுவேன். மகள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருப்பாள். அம்மா தனக்காக ஜெபிப்பது அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்றே நம்பினேன்.

அடுத்த முறை போனபோது டாக்டர் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "ஒரு நாளில் உனக்கு எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று மலையாளத்தில் அவளிடம் கேட்டார். பள்ளிக்குக் கிளம்பும் நேரம் என்று சொல்வாள் என நினைத்தேன். அவள் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"ஜெபத்துக்க நேரம். அம்மா நித்தமும் என்னெச் சொல்லியாக்கும் கரையது. நான் இல்லேண்ணா அம்மைக்குக் கரையாண்டாம்லா."

கரைவது என்றால் எங்கள் பக்கத்தில் அழுவது. டாக்டர் பதறவில்லை. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று அவளிடம் நேராகவே கேட்டார். அவள் ஆமென்று தலையை அசைத்தாள். தனியாக விடக் கூடாது, மாத்திரைகளை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், வாரா வாரம் வர வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "அழக் கூடாதுன்னு நான் சொல்லலை. உங்க அழுகையை இங்கே என்கிட்ட கொண்டுவாங்க. அவள் தலையில் வைக்காதீங்க" என்றார்.

அன்று அந்தியில் அவளைச் சுகமாக்கும் என்று நான் கேட்கவில்லை. அவளை எனக்குத் தந்ததற்கு நன்றி சொன்னேன். குரல் உடைந்தது. ஆனால் அழவில்லை.

அந்த வாரமே எனக்குப் பெரிய சோதனை வந்தது. எங்கள் சபைப் பெண்கள் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி ஜெபிப்பார்கள். அந்த வியாழக்கிழமை எங்கள் வீட்டு முறை. பாட்டு முடிந்ததும் கூட்டத்தை நடத்தும் அக்கா சொன்னார்: "பிள்ளையக் கொண்டு நடுவுல இருத்து. எல்லாருமாக் கைய வச்சு ஜெபிப்போம்." நல்ல மனசுக்காரி. நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து தந்தவர்.

மகள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"அவள நடுவுல இருத்தாண்டாம் அக்கா" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"எதுக்குப் பிள்ளே? ஜெபத்துக்குத் தடை சொல்லப்பிடாது."

"தடை சொல்லேல்ல அக்கா. அவளுக்கு வைத்தியம் நடக்குது. அவ கேக்க அவளுக்காக ஆரும் கரையாண்டாம். உங்க வீட்டுல மனசுக்குள்ள ஜெபியுங்க. இங்க எனக்காக ஜெபியுங்க. எனக்காக்கும் பயம்."

"இவளுக்கும் நாக்கு உண்டா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி முணுமுணுத்தது கேட்டது. அக்கா சற்று நகர்ந்து இடம் விட்டார். "செரி, அப்பம் நீ வந்து நடுவுல இரி" என்றார்.

நான் நடுவில் உட்கார்ந்தேன். என் தலையில் கைகளை வைத்து ஜெபித்தார்கள். பாதி ஜெபத்தில் வாசலிலிருந்து மகளின் குரல் வந்தது.

"அம்மா, சாயாக்கு எத்தன பேரு?"

யாரோ சிரித்துவிட்டார்கள். ஜெபம் நின்று, பிறகு ஆமென் வரை எப்படியோ போய்ச் சேர்ந்தது. அவள் சாயா போட்டுக் கொண்டுவந்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். "எனக்குச் சுகர் உள்ளது, இதாக்கும் செரி" என்று அக்கா இன்னொரு கிளாஸ் வாங்கிக் குடித்தார்.

ஒரு சாயாவில் நோய் மாறிவிடாது. இன்னும் மாத்திரை உண்டு, எழுந்திருக்க மறுக்கும் நாட்களும் உண்டு. நானும் அந்த டாக்டரிடம் போய் என் அழுகையை அழுதுவிட்டு வருகிறேன். என் பயத்தை நான்தான் சுமக்க வேண்டும், என் பிள்ளை அல்ல என்பதை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அந்த வியாழக்கிழமைக்கு மறுநாள் மழை. அவள் பள்ளிக்குப் போகவில்லை. வீட்டில் தனியாக விடாமல், தைத்து முடித்த நைட்டிகளைக் கொடுக்க அவளையும் கூட்டிக்கொண்டு அமரவிளைக்குப் பஸ்ஸில் போய்விட்டு வந்தேன்.