மூன்று பெட்டி பால்பவுடர்

சகாயசெல்வியைக் குப்பத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பால்வாடி டீச்சர், அவ்வளவுதான். மரக்காணத்துக்கும் அனுமந்தைக்கும் நடுவில் கடலை ஒட்டியிருந்த அந்தக் குப்பத்துக்குப் பதினோரு வருஷமாக வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். வீடு ரோட்டுக்கு மேற்கே, உப்பளத்துப் பக்கம். புருஷன் மரியதாஸ் உப்பு லோடு ஏற்றும் வேலையில் இருந்தான். செல்விக்கு அதிகம் பேச வராது. பிள்ளைக்கு எடை குறைந்திருந்தால் தாயை நிற்கவைத்துக் கேள்வி கேட்பாள். குப்பத்துப் பெண்கள் அவளுக்குப் பயப்பட்டார்கள். யாருக்கும் அவளைப் பெரிதாகப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது.

சுனாமி வந்துபோன மூன்றாவது வாரத்தில் பால்வாடிக் கட்டடம் நிவாரணப் பொருள் வைக்கும் இடமாகிவிட்டது. எங்கெங்கிருந்தோ வேன்கள் வந்தன. இறக்கி வைத்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அப்படி வந்ததில் மூன்று அட்டைப்பெட்டி நிறையக் கைக்குழந்தைக்கான பால்பவுடர் டப்பாக்கள் இருந்தன. சேதி பரவி, பெண்கள் வரிசையில் வந்து நின்றார்கள்.

அந்த வாரம் குப்பத்தில் அடிபம்புத் தண்ணீர் உப்பாகவும் கலங்கலாகவும் வந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே பவுடர் கரைத்துக் கொடுத்த இரண்டு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. சுகாதார நிலையத்து டாக்டரம்மா செல்வியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: தாய்ப்பால் இருக்கிற யாருக்கும் பவுடர் தரக்கூடாது, வந்தால் அப்படியே இங்கே அனுப்பிவிடு, தாயில்லாத பிள்ளைகளுக்கு நாங்கள் பார்த்துக் கொடுத்துக்கொள்கிறோம். செல்வி வரிசையில் நின்றவர்களைத் திருப்பி அனுப்பினாள். காரணம் சொன்னாள். சொன்ன விதம்தான் சரியில்லை. அதட்டலாகச் சொன்னாள்.

உப்பளத்து டிராக்டர் ஒன்று அந்தப் பக்கம் வந்தது. ஓட்டி வந்தவன் கன்னியப்பன். அவனை நிறுத்தி, மூன்று பெட்டியையும் ஏற்றி, சுகாதார நிலையத்தில் நர்ஸம்மாவிடம் இறக்கிவிடச் சொன்னாள். கைநீட்டி எங்கே வைப்பது என்று காட்டிக்கொண்டிருந்தபோது, காலையில் வேனில் வந்த இளைஞர்களில் ஒருவன் சின்ன கேமராவில் அவளைப் படம் பிடித்தான். அவளும் பார்த்தாள். எல்லோரும் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவன் குப்பத்தில் இருந்தது மொத்தம் இரண்டு மணி நேரம்.

மார்ச் மாதம் அர்ச்சுனன் ஒரு தாளைக் கொண்டுவந்தான். அவன் பாண்டிச்சேரியில் வேன் ஓட்டுபவன். அங்கே யாரோ கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததாம். தாள் முழுக்க இங்கிலீஷ். நடுவில் செல்வியின் படம். நீட்டிய கை, டிராக்டர், பெட்டிக்குள் டப்பாக்கள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. டீக்கடையில் தாள் கைமாறியது. படிக்கத் தெரிந்தவர் ஒருவர் தலைப்பை மட்டும் தமிழில் சொன்னார். குழந்தைகளின் பாலைத் திருடி விற்கும் டீச்சர்.

மறுநாள் பால்வாடிக்கு ஒன்பது பிள்ளைகள்தான் வந்தார்கள். முந்தின நாள் முப்பத்திரண்டு. சமையல் செய்யும் அருக்காணி அரிசியைக் களைந்துவைத்துவிட்டு, மீதிப் பிள்ளைகள் வருவார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். ஆனால் சொல்லவில்லை. மதியம் கொளஞ்சி என்கிற பெண் தன் மகனை அழைத்துப்போக வந்தவள், வாசலிலேயே நின்று சொன்னாள்.

"கம்ப்யூட்டர்லயே வந்துடுச்சு டீச்சர். இனிமே நீங்க இல்லன்னு சொன்னா யார் நம்புவாங்க?"

செல்வி அந்தத் தாளின் நகலை வாங்கிக்கொண்டு மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த இலக்கியாவிடம் போனாள். இலக்கியாவின் கடையில் போன் லைனில் நெட் உண்டு. அவள் அந்தப் பக்கத்தைத் திறக்கப் பத்து நிமிஷம் ஆனது. படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் வானம், அப்புறம் டிராக்டர், அப்புறம் செல்வியின் முகம். படத்துக்குக் கீழே பேர், ஊர், வேலை எல்லாம் போட்டிருந்தது. அதற்கும் கீழே நாற்பத்து மூன்று பேர் எழுதியிருந்தார்கள்.

"எல்லாத்தையும் படிம்மா," என்றாள் செல்வி.

இலக்கியா சிலதை விட்டுவிட்டுப் படித்தாள். விடுகிறாள் என்று செல்விக்குத் தெரிந்தது. துபாயிலிருந்து ஒருத்தர், அமெரிக்காவிலிருந்து நாலைந்து பேர், சென்னையிலிருந்து நிறையப் பேர். தூக்கில் போடச் சொன்னவர் இருந்தார். மதத்தைச் சொல்லித் திட்டியவர் இருந்தார். கலெக்டருக்கு மெயில் அனுப்பிவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். ஒரே ஒருவர் மட்டும், அந்தம்மாவை யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று கேட்டிருந்தார். அடுத்த நாலு பேர், நீ அவளுக்குச் சொந்தமா என்று அவரைக் கேட்டிருந்தார்கள்.

"இவங்கள்ல யாராச்சும் நம்ம ஊருக்கு வந்திருக்காங்களா?" என்று செல்வி கேட்டாள்.

இலக்கியா அந்தப் பக்கத்தை மூடினாள்.

சாயங்காலம் மரியதாஸ் வேலையிலிருந்து வந்தான். அவனுக்கும் லோடு ஏற்றும் இடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"மூணு பெட்டியும் போய்ச் சேந்துச்சா செல்வி?"

அந்த நாற்பத்து மூன்று பேர் எழுதியதைவிட இந்த ஒரு கேள்வி அவளுக்கு வலித்தது. போயிருக்கும் என்றாள். ஏறியதைப் பார்த்தேன் என்றாள். சேர்ந்ததைப் பார்த்தாயா என்று அவன் கேட்கவில்லை. ஆனால் அவளே அதைக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

ஏப்ரலில் விசாரணைக்கு வந்தார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். அனுப்பியதற்கு ரசீது இருக்கிறதா என்றார். இல்லை. அந்த அமளியில் அவள் ரசீது கேட்கவில்லை. வாங்கியதற்கு அங்கே ரிஜிஸ்டர் இருக்குமே என்றாள். நிவாரண ரிஜிஸ்டர் எல்லாம் மாவட்டத் தணிக்கைக்குப் போயிருக்கிறது, திரும்பி வர நாளாகும் என்றார். டாக்டரம்மாவும் அந்த நர்ஸம்மாவும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார்கள். முடிவு தெரிகிறவரை வேலைக்கு வரவேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கிளம்பும்போது அதிகாரி, டிராக்டர் ஓட்டியவன் எப்படிப்பட்டவன் என்று கேட்டார். தெரியாதுங்க என்றாள் செல்வி.

வீட்டில் இருக்கும்போது யோசனைக்குக் குறைவில்லை. கடையில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினால் தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தாள். கோயிலில் பக்கத்தில் யாராவது தள்ளி உட்கார்ந்தால் எண்ணிக்கொண்டாள். அர்ச்சுனன் வேண்டுமென்றே தாளைக் கொண்டுவந்தான் என்று ஒருநாள் தோன்றும். படம் எடுத்தவனுக்குப் பேரைச் சொன்னது கொளஞ்சிதான் என்று மறுநாள் தோன்றும். எல்லாம் சுற்றிக் கடைசியில் டிராக்டரில் வந்து நின்றது.

மே மாதம் ஒரு காலையில் கன்னியப்பனிடமே கேட்டுவிடலாம் என்று அவன் வீட்டுக்குப் போனாள். அவன் உப்பளத்துக்குப் போயிருந்தான். கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. ஜன்னல் மேல் பலகையில் அதே பால்பவுடர் டப்பா ஒன்று இருந்தது. அதே நீல மூடி, அதே குழந்தைப் படம். செல்வி அங்கேயே நின்றாள். காத்திருந்து கேட்டிருக்கலாம். உப்பளம் அங்கிருந்து பத்து நிமிஷ நடைதான். அவள் கேட்காமல் திரும்பி வந்தாள்.

அருக்காணியிடம் மட்டும்தான் சொன்னாள். கன்னியப்பன் வீட்டில் ஒரு டப்பா பார்த்தேன் என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லும்போது மூன்று மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசானதைப் பிற்பாடு அவளே ஒத்துக்கொண்டாள்.

நாலு நாளில் ஊர் முழுக்கத் தெரிந்தது. ஒரு டப்பா ஒரு பெட்டி ஆனது. உப்பளம் நடத்தும் சக்கரபாணி கன்னியப்பனைக் கூப்பிட்டு, இந்த வம்பெல்லாம் நமக்கு வேண்டாம்பா என்று டிராக்டர் சாவியை வாங்கிக்கொண்டார். கன்னியப்பன் எதிர்த்துப் பேசவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். எதிர்த்துப் பேசாததையே ஆதாரமாகவும் சொன்னார்கள்.

ஜூலைக் கடைசியில் ரிஜிஸ்டர் திரும்பி வந்தது. ஜனவரி மாதப் பக்கத்தில் மூன்று பெட்டி, டப்பா எண்ணிக்கை, கொண்டுவந்தவர் கன்னியப்பன், நர்ஸின் கையெழுத்து எல்லாம் இருந்தன. ஒரு டப்பாகூடக் குறையவில்லை. அதிகாரி செல்வியை வரவழைத்துக் காட்டினார். அவள் பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தில் யார் யாருக்கு டப்பா கொடுத்தார்கள் என்ற விவரம் இருந்தது. மூன்றாவது வரியில் கன்னியப்பன் பேர். குழந்தை கௌதம், ஆறு மாதம், தாய் பொன்னி, சுனாமியில் இறப்பு.

பொன்னி கன்னியப்பனின் தங்கை. அனுமந்தைக்கு அந்தப்பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் கடலோடு போனது செல்விக்குத் தெரியும். குழந்தையை யார் வளர்க்கிறார்கள் என்று அவள் கேட்டதே இல்லை.

"உங்க மேல தப்பில்லம்மா. லெட்டர் அனுப்பிடுவோம்," என்றார் அதிகாரி.

செல்வி தலையாட்டினாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்காமல் உப்பளத்துக்கு நடந்தாள்.

உப்பு வாரும் மும்முரம். அம்பாரத்துக்குப் பக்கத்தில் சக்கரபாணி நின்றிருந்தார். மரியதாஸும் இன்னும் ஏழெட்டுப் பேரும் மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி செல்வி சொன்னாள். பெட்டி மூன்றும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த டப்பா ஆஸ்பத்திரியில் பொன்னி பிள்ளைக்குக் கொடுத்தது. பார்த்ததை விசாரிக்காமல் சொன்னது நான்தான். கன்னியப்பன் மேல் எந்தத் தப்பும் இல்லை. சக்கரபாணி, அதுக்கென்ன டீச்சர், உங்க பேர் சரியாயிடுச்சில்ல என்றார். டிராக்டருக்கு வேறு ஆள் போட்டாயிற்று, பார்க்கலாம் என்றார்.

சாயங்காலம் மரியதாஸ் வீட்டுக்கு வந்தான். வந்ததும், நானும் உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றான்.

மறுநாள் காலையில் அவள் கன்னியப்பன் வீட்டுக்குப் போனாள். அவன் கிளியனூர்ப் பக்கம் செங்கல் லாரி ஓட்டக் கிளம்பிக்கொண்டிருந்தான். உள்ளே அவன் பெண்டாட்டியின் இடுப்பில் குழந்தை இருந்தது. செல்வி நடந்ததைச் சொன்னாள். கன்னியப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே கேட்டான்.

"இப்ப ஏன் டீச்சர் வந்து சொல்றீங்க? இதுல உங்களுக்கு இன்னும் என்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாம்பா. நான் அன்னிக்கே உன்னக் கேட்டிருக்கணும்."

"உங்களத் திருடின்னு தாளு வந்தப்போ எங்கிட்ட எத்தன பேரு கேட்டாங்க தெரியுமா? நான் பெட்டிய எறக்கினேன், டீச்சர் தப்பு பண்ணலன்னுதான் சொன்னேன். ஒருத்தனும் காதுல வாங்கல." அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். "நீங்களும் வாங்கல."

செல்விக்கு அது தெரியாது. யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவள் திரும்பி வந்தாள்.

ஆகஸ்டில் லெட்டர் வந்தது. இலக்கியா அதை ஸ்கேன் செய்து, அந்தப் பக்கத்தை எழுதியவனுக்கு மெயில் அனுப்பினாள். செல்வி சொல்லச் சொல்ல இலக்கியா இங்கிலீஷில் எழுதினாள். கன்னியப்பன் பேரும் அதில் இருக்கவேண்டும் என்றாள் செல்வி. இரண்டு வாரம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. கவனிக்கிறேன் என்று. அக்டோபரில் பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு சேர்ந்திருந்தது. விசாரணையில் ஆதாரம் கிடைக்கவில்லை என்று சொல்லப்படுகிறது. தலைப்பும் படமும் அப்படியே இருந்தன.

"ஆதாரம் கிடைக்கலன்னா, நான் எடுக்கலன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டாள்.

"எடுத்துட்டு மாட்டாம தப்பிச்சிட்டாங்கன்னு படிக்கறவங்க நெனச்சுக்குவாங்கக்கா," என்றாள் இலக்கியா. அவளுக்கும் பொய் சொல்ல மனசில்லை.

இலக்கியா மறுபடி எழுதினாள். மூன்று மெயில் போயிற்று. பதில் வரவில்லை. 2006-லும் அந்தப் பக்கம் இருந்தது. புதிதாக இரண்டு பேர் திட்டியும் இருந்தார்கள்.

லெட்டர் வந்து செல்வி மறுபடி வேலையில் சேர்ந்த பிறகு பால்வாடிக்குப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். இருபத்தாறு வரை ஏறி அதோடு நின்றது. கொளஞ்சி மகனைக் கொண்டுவந்து விட்டபோது எதுவுமே நடக்காத மாதிரி பேசினாள். செல்வியும் அப்படியே பேசினாள். ஆனால் யாரைப் பற்றியாவது அருக்காணி எதையாவது சொல்ல வாயெடுத்தால், நீ பாத்தியா என்று கேட்பாள். அருக்காணி பாதியில் நிறுத்திக்கொள்வாள்.

2006 ஜூலையில் கன்னியப்பன் கௌதமைப் பால்வாடியில் சேர்க்கக் கூட்டிவந்தான். அவன் வீட்டுக்குப் பக்கத்தில் வேறு பால்வாடி இல்லை. பேர் எழுதும்போது இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. எடை பார்த்தாள். வயதுக்குச் சரியான எடைதான். சாப்பாட்டு நேரத்தில் அவன் போகாமல் ஜன்னலுக்கு வெளியே நின்று, தட்டில் என்ன விழுகிறது, பிள்ளை எவ்வளவு சாப்பிடுகிறது என்று பார்த்தான். மறுநாளும் வந்து நின்றான். அதற்கு அடுத்த நாளும்.

வெயிலில் நிற்கிறானே, உள்ளே வந்து உட்காரச் சொல்லட்டுமா என்று அருக்காணி கேட்டாள். அவன் இஷ்டம், அவனுக்கு எங்கேயிருந்து நல்லாத் தெரியுதோ அங்கேயே நிக்கட்டும் என்றாள் செல்வி. எழுந்துபோய் ஜன்னலின் இன்னொரு கதவையும் திறந்துவைத்துவிட்டு வந்து, அடுத்த பிள்ளைக்குச் சாதம் போட்டாள்.