கீலில் குத்திய எண்

தேசத்தின் பெயரால் நான் ஒரு மோசடி செய்தேன். அதை மறைக்க ஒரு பெண்ணைத் துரோகியாக்கினேன். இதை முதன்முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ராணுவ வண்டியின் கனத்த கதவைத் தாங்கும் கீல் செய்கிறோம். வண்டியை விற்பது நம் நட்பு நாடு. கீலும் தங்களிடமிருந்தே வர வேண்டும் என்றார்கள் அவர்கள். இங்கேதான் செய்வோம் என்றது நம் தரப்பு. வெளியே கைகுலுக்கல்... உள்ளே பகை. கடைசியில் இருவர் கீலையும் ஒன்றாகச் சோதிப்பதென்று முடிவாயிற்று.

அந்தச் சோதனைக்கு முந்தைய நாள் நாங்களாகவே சோதித்துப் பார்த்தோம். நம் கீல் விரிசல் விட்டது.

அவர்களுடைய பொறியாளர் ஒருமுறை எங்கள் வேலையைப் பார்த்து லேசாகச் சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பு என்னைத் தின்றுகொண்டிருந்தது. சோதனை நாளன்று சாப்பாட்டு வேளையில், அவர்கள் உபரியாக அனுப்பியிருந்த கீல் ஒன்றை எடுத்து, அதன் எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டு நம் எண்ணைக் குத்தினேன்.

சோதனையில் இரண்டும் தாங்கின. தாங்காமல் என்ன? இரண்டுமே அவர்களுடையவை! பொறியாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். நானும் தின்றேன்...

வெல்டிங் பிரிவு மெர்சி, நான் எண் குத்தியதைப் பார்த்திருக்கிறாள். தனியாக வந்து கேட்டாள்.

“இன்னா சார் இப்டி பண்ட்டீங்க? என் தம்பி மிலிட்ரில கீறான். நாளிக்கி அவன் இந்த வண்டிலதான் போவான். நீங்களே போய் சொல்டுங்க சார்.”

போனேன். மேலாளரிடம் சொன்னேன்... மெர்சி அந்த நாட்டுக்காரர்களோடு சேர்ந்துகொண்டு நம் கீலைக் குறை சொல்கிறாள் என்று. அன்று மாலையே அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அதன்பின் அவள் சொன்ன உண்மையை யார் கேட்பார்கள்?

எந்தத் தேசத்துக்காகச் செய்தேன்? வண்டிக்குள் உட்காரப்போகும் அவள் தம்பி அந்தத் தேசத்தில் இல்லையா?

போன மாதம் செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். இப்போது துணிக்கடையில் வேலையாம். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை.

“அந்தக் கீல சரி பண்ட்டீங்களா சார்?”

“பண்ணியாச்சும்மா.”

அவள் முகம் தெளிந்தது. “அது போதும் சார்” என்று சொல்லிவிட்டு ரயிலேறினாள்.

சரி செய்யவில்லை. அதே எஃகு, அதே வார்ப்பு. இன்று காலையும் ஒரு பெட்டி கீல்கள் போயின. கையெழுத்து என்னுடையது.