கனவு வராத மாத்திரை

எங்கள் இதய நோய்ப் பிரிவில், இதயத் துடிப்பைத் தணிக்கும் இரண்டு மாத்திரைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோயாளிகள் சொல்வதை எழுதிக்கொள்வது என் வேலை. முதல் மாத்திரையைச் சாப்பிட்டுவந்த பூட்டுக்கடைக்காரர் ஒருவர், இறந்துபோன மனைவி தினமும் கனவில் வந்து தன்னைத் திட்டுவதாகப் பேச்சுவாக்கில் சொல்லிச் சிரித்தார். டாக்டர் அதையும் பக்கவிளைவில் சேர்க்கச் சொன்னார். மூச்சிளைப்பும் இருந்ததால் மாத்திரையை மாற்றிவிட்டார்.

அடுத்த முறை வந்தபோது நாடி சீராக இருந்தது, மூச்சிளைப்பும் இல்லை. அவர் முகம் மட்டும் வாடியிருந்தது.

"பழைய மாத்திரையே குடுங்க டாக்டர்."

"ஏங்க, அதுல மூச்சு இளைச்சுதே?"

"இளைக்கட்டும். இதுல அவ வர்றதே இல்ல."

"திட்டு வாங்க அவ்வளவு ஆசையா?"

"என்னைத் திட்ட வேற யாரு டாக்டர் இருக்கா?"

டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. "அது உங்க உடம்புக்கு ஆகாதுங்க" என்று மெதுவாகச் சொல்லி, புதிய மாத்திரையையே எழுதினார்.

பூட்டுக்கடைக்காரர் அதைத் தவறாமல் சாப்பிடுகிறார். கடையை மட்டும் பொழுது சாயும் முன்பே மூடிவிட்டுப் படுக்கப் போய்விடுகிறார். கூடுதலாகத் தூங்கினால் ஒருநாளாவது வந்துவிடமாட்டாளா என்று என்னிடம் கேட்கிறார்.