வலிக்காத ஒரு சத்தம்

என் இடது காதில் விசில் புகுந்தது ஒரு ஜெபக் கூட்டத்து மேடையில்தான். ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு திடலில் பந்தல் போட்டிருந்தார்கள். பாடகர் குழுவில் நான் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவள். பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்து சர்ச்சில் வாசித்துக்கொண்டிருந்ததால் மேடை எனக்குப் புதிதல்ல. அன்று பாட்டின் நடுவில் யாரோ மைக்கை ஸ்பீக்கருக்கு நேராகத் திருப்பிவிட்டார்கள். ஒரு ஊளை கிளம்பியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். என் கைகள் இரண்டும் கிட்டாரில் இருந்தன.

பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். காது பஞ்சு வைத்த மாதிரி அடைத்திருந்தது. தூங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். காலையில் அடைப்பு போயிருந்தது, விசில் வந்திருந்தது. கொசு காதோரம் பறக்கும்போது கேட்குமே, அதைவிட மெல்லிசாக, அதைவிடக் கூர்மையாக, மூச்சே விடாமல் ஒரே சுருதியில். கிட்டாரின் கடைசிக் கட்டைக்கும் மேலே எங்கோ இருந்தது அது. எந்த ஸ்வரம் என்று கண்டுபிடிக்கக்கூட முடியவில்லை.

காது டாக்டர் ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சோதனை செய்தார். கிராஃபைப் பார்த்துவிட்டு, "நரம்பு அடிபட்டிருக்குதுமா. மாத்திரைல போற விஷயம் இல்ல. பெரிய சத்தத்துக்குப் போகாதீங்க. அதுக்காக ஒரேடியா நிசப்தமாவும் உக்காராதீங்க, அப்ப இது இன்னும் பெருசா தெரியும்" என்றார்.

"எப்ப போகும் டாக்டர்?"

அவர் பேனாவை மூடினார். "போகும்னு சொல்ல முடியாதுமா. பழகும்."

பழகவில்லை. விசிலோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கூர்மையான எந்தச் சத்தம் கேட்டாலும் காதுக்குள் ஊசி இறங்கியது. நான் ஒரு பட்டுப்புடவைக் கடையில் பில் போடுகிறவள். புடவையின் விலைச்சீட்டை மெஷின் படிக்கும்போதெல்லாம் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். கல்யாண சீசனில் அந்த 'பீப்' நாளெல்லாம் ஓயாது. முதலாளியிடம் கெஞ்சி ஸ்டாக் ரூமுக்கு மாற்றிக்கொண்டேன். அங்கே புடவை அடுக்குகளுக்கு நடுவே சத்தமே கிடையாது. சத்தம் இல்லாத இடத்தில் விசில் மட்டும் இருந்தது. வெளியே போனால் ஊசி, உள்ளே வந்தால் விசில். இரண்டுக்கும் நடுவில் எனக்கு இடமே இல்லை.

வீட்டில் எவர்சில்வர் தட்டுகளை மூட்டை கட்டிவிட்டு பிளாஸ்டிக் தட்டு வாங்கினோம். என் கணவர் கரண்டியைக்கூடத் துணி விரித்து அதன் மேல்தான் வைப்பார். பிள்ளையார்பாளையத்தில் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்கார அக்காவும் அவர் கணவரும் தறி போட்டிருக்கிறார்கள். அந்த மரச் சத்தம் மட்டும் ஏனோ வலிக்கவில்லை.

கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் ஒரு பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப் என்னிடம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் கிட்டாரைச் செருகி, வால்யூமைத் தரையோடு தரையாக வைத்து ஒரு ஸ்வரம் மீட்டினேன். தகரத்தை நகத்தால் கீறியது போல் இருந்தது. இன்னொன்று மீட்டினேன். பிறகு கிட்டாரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். சர்ச்சுக்கு போன் செய்து, இனி என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்றேன்.

சில வாரங்கள் கழித்து மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவள், பாதியில் விட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றிருக்கிறேன். குதிக்க வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. சாகும் வரைக்கும் இது இப்படியேதானா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கணவர் மேலே வந்து பார்த்தபோது அவர் முகம் வெளுத்துப்போனது. என் தோளைப் பிடித்துச் சுவரிலிருந்து திருப்பிவிட்டு, மிச்சத் துணிகளைத் தானே பிழிந்து கொடியில் போட்டார்.

அன்றிலிருந்துதான் அவர் தேட ஆரம்பித்தார். அவருக்குக் கிட்டாரில் கம்பி எத்தனை என்றுகூடத் தெரியாது. ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். ஒருநாள் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார்.

"வால்வு ஆம்ப்புன்னு ஒண்ணு இருக்குதாமே, தெரியுமா உனக்கு?"

"தெரியும். அதுக்கு இன்னா இப்போ?"

"அந்தக் காலத்து ரேடியோல கண்ணாடிக் குழா சூடாகி எரியும் பாரு, அதே சமாச்சாரம்தான். அதுல வர்ற சத்தம் முனை மழுங்கி வருமாம். காதுல குத்தாதாம்மா."

"கிட்டாரை நான் விட்டாச்சு."

"நீ விட்டுட்டமா. அதுக்கப்புறம்தான் நீ இப்பிடி ஆயிட்ட."

கூரத்தில் எங்கள் சர்ச்சுக்காரர் ஒருவரிடம் வால்வு ஆம்ப் இருந்தது. கணவர் அதை இரவல் வாங்கி ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பதினைந்து வாட். மேடைக்காகச் செய்த பெட்டி. வால்வு சூடாகி வந்த முதல் சத்தத்தில் எனக்கே ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. ஆனால் வால்யூமைக் குறைத்து வைத்தால் அது தண்ணீர் கலந்த பால் மாதிரி இருந்தது. உடம்பே இல்லாத சத்தம். வால்வுப் பெட்டிகள் அப்படித்தான், ஒரு அளவுக்குத் திருகினால்தான் குரல் லேசாகக் கமறி இனிமையாகும்.

"கொஞ்சம் ஏத்திப் பாரேன்மா" என்றார் கணவர்.

ஏற்றினேன். ஜன்னல் அதிர்ந்தது. அலமாரியில் மிச்சமிருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. அந்தக் கிணுகிணுப்பு காதில் இறங்கியதும் கிட்டாரோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். கீழேயிருந்து அக்கா படியேறி வந்தார்.

"ஏம்மா, தறில உக்காந்துக்கினு இருக்கேன், காலுகீழ மிதிகட்டை வரைக்கும் அதிருது. இன்னா வெச்சிருக்கீங்க மேல?" என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "ஐயோ, ஏம்மா அழுவுற? நிறுத்துப்பா அத."

அதற்குப் பிறகு மூன்று நாள் காதைத் தொட்டாலே வலித்தது. விசில் இரண்டு மடங்கானது. நான் கணவரிடம் கத்தினேன். என் கத்தலே எனக்கு வலித்தது. அதையும் சேர்த்து அவர் மேல் போட்டுக் கத்தினேன்.

"எனக்குப் பொட்டி வேணாங்க. காது வேணும். அது எந்தக் கடைல விக்கறாங்க சொல்லுங்க, போயி வாங்கிட்டு வாங்க."

அவர் ஆம்பைத் தூக்கிக்கொண்டு போய் கூரத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பினார். கை கழுவிக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "பெருசா எடுத்துட்டோம். அதான் தப்பு. சின்னதா பாக்கணும்."

அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இதுவும் நடக்காவிட்டால் அவர் என்ன செய்வார்?

ஒரு வார நாளில் இருவரும் லீவு போட்டுவிட்டுச் சென்னைக்குப் போனோம். காதில் பஞ்சு, அதன் மேல் துப்பட்டா. பஸ் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் கணவர் தன் உள்ளங்கையால் என் காதை மூடினார். பக்கத்து சீட்டுக்காரர் எங்களைப் புதுசாகக் கல்யாணமானவர்கள் என்று நினைத்திருக்கலாம்.

கடையில் இருந்த விற்பனையாளர் நல்ல மாதிரி. கணவர் விஷயத்தைச் சொன்னதும் சத்தமாகப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். வீட்டுக்கு ஏற்ற மூன்று பெட்டிகளைக் காட்டினார். முதலாவது பார்க்க அழகு, ஆனால் வாயைத் திறந்ததுமே கண்ணாடி உடைந்தது போன்ற சத்தம். இரண்டாவதில் வால்வே கிடையாது; வால்வு மாதிரி நடிக்கும் கம்ப்யூட்டர். ஹெட்போன் வசதியும் இருந்தது. வலிக்கவில்லை. ஆனால் வாசிக்காமல் இருக்கும்போது அதிலிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு மெல்லிய இரைச்சல் வந்தது. அது என் விசிலுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டு அதைத் தூக்கிக் காட்டியது. ஹெட்போனைப் பிடுங்கி வைத்தேன்.

மூன்றாவது, அஞ்சு வாட். அந்தக் காலத்து வானொலிப் பெட்டி போல முன்பக்கம் மங்கலான துணி, மேலே தோல் கைப்பிடி. வால்யூமுக்கு ஒரு திருகி, டோனுக்கு ஒரு திருகி, அவ்வளவுதான். வாட்டை இன்னும் குறைக்கப் பின்னால் ஒரு சுவிட்ச்.

"இது ரூம்ல வெச்சு வாசிக்கவே பண்ணது மேடம்" என்றார் அவர். "ஆனா மொதல்லயே சொல்லிடறேன், அடில 'ம்ம்'னு கொஞ்சம் ஹம் இருக்கும்."

வால்வு சூடாகட்டும் என்று காத்திருந்த நேரத்தில், பக்கத்து அறையில் யாரோ டிரம்ஸில் இருந்த தாளத்தட்டை ஓங்கி அடித்தார்கள். நான் கடைக் கிட்டாரை அங்கேயே வைத்துவிட்டு வெளியே ஓடினேன். நடைபாதையில் உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு, போகிற வருகிறவர்கள் பார்க்க அழுதேன். கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஊருக்குப் போலாங்க. என்னால முடியல."

"போலாம்."

ஆனால் எழவில்லை. "ஒரே ஒரு தரம்மா" என்றார். "எனக்கு இதுக்கு மேல இன்னா பண்றதுன்னு தெரியல. தெரிஞ்ச வரைக்கும் தேடிட்டேன்."

அதற்காகத்தான் எழுந்தேன், எனக்காக இல்லை.

விற்பனையாளர் அதற்குள் அந்தப் பெட்டியைக் கடைக்குப் பின்னாலிருந்த சரக்கறைக்கு எடுத்துப்போயிருந்தார். நாலு பக்கமும் அட்டைப்பெட்டிகள். கதவைச் சாத்தியதும் சத்தமெல்லாம் அட்டைக்குள் அடங்கிவிட்டது. ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். டோனை முழுக்க இறக்கினேன். கனத்த கம்பியில் கட்டைவிரல் சதையால், நகம் படாமல், ஒரு ஸ்வரம் மீட்டினேன்.

வலிக்கவில்லை. அந்தச் சத்தம் கனமாக இருந்தது, ஓரங்களில் லேசாகக் கரகரத்தது. அது அடங்கும்போது பின்னாலிருந்து அந்த ஹம், 'ம்ம்' என்று, வாய்மூடி யாரோ பாடுவது போல வந்தது. அடுத்ததை மீட்டினேன். பிறகு சர்ச்சில் நான் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட பாட்டின் அடியை, தட்டுத்தடுமாறி. வாசிக்காமல் விட்டதில் விரல் நுனிகளின் காய்ப்பு போயிருந்ததால் கம்பி உறுத்தியது. ஒரு இடத்தில் தப்பாகப் போய் நிறுத்தினேன்.

நிறுத்தியதும் விசில் திரும்பியது. அப்போதுதான் தெரிந்தது, அதுவரை நான் அதைக் கவனிக்கவில்லை.

போய்விட்டது என்று அந்த ஒரு கணத்தில் நம்பியிருந்தேன் போலிருக்கிறது. ஏமாற்றம் தாங்காமல் குனிந்துவிட்டேன்.

"போகலங்க" என்றேன். "இருக்குது. அப்பிடியே இருக்குது."

கணவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "வாசிக்கும்போது?"

யோசித்தேன். "தெரியல. அப்ப நான் அதைப் பாக்கல."

அவர் எழுந்து போய் விற்பனையாளரிடம், "இதக் கட்டிக் குடுங்க" என்றார்.

பெட்டி இப்போது ஜன்னலடியில் இருக்கிறது. பின்னாலிருக்கும் சுவிட்ச் குறைந்த வாட்டிலேயே நிற்கிறது. ஒருநாள் கீழ்வீட்டு அக்கா, "பொட்டி வாங்கியாந்தீங்களே, வாசிக்கிறியா இல்லியா? ஒண்ணுமே கேக்கலியே" என்று கேட்டார். பலனே இல்லாத நாட்கள் நிறைய. காது கொதிக்கும் நாளில் அந்த மழுங்கிய சத்தம்கூட ஆகாது. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன்.

போன வாரம் டாக்டர் மறுபடியும் சோதித்தார். "மாத்தம் இல்லமா. மோசமாவும் ஆகல" என்றார். கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று யாருக்கும் சொல்லாமல் எதிர்பார்த்துப் போயிருந்தேன். பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ஆம்பைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். வால்வு சூடானதும் வாசித்தேன். காலை ஷிஃப்ட் முடிந்து கணவர் வந்தார். என் முகத்தைப் பார்த்தே சோதனை முடிவைத் தெரிந்துகொண்டார். ஷூவைக் கழற்றாமல் வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தலை சரிந்து தூங்கிப்போனார்.

எழுப்பிச் சாப்பிடச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் நிறுத்தினால் விசில் வந்துவிடும். அதனால் இன்னும் கொஞ்சம் வாசித்தேன்.